நடுத்தர பட்ஜெட் கேமிங் கணினி: எதை இப்போது வாங்குவது, எதை அப்புறம் மாற்றுவது

கேமிங் கணினி கட்டப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, உங்கள் மானிட்டர் எது என்று. கணினி செய்யப்போகும் வேலையின் அளவு அங்கேதான் முடிவாகிறது.

1920×1080 மானிட்டரில் 20,73,600 பிக்சல்கள் இருக்கின்றன. கேம் நொடிக்கு 60 ஃபிரேம் ஓட வேண்டுமென்றால், இத்தனை பிக்சலுக்கும் நிறம் கணக்கிட்டு ஒரு முழுப் படத்தை முடிக்கக் கிடைக்கும் நேரம் 16.67 மில்லி நொடி. நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை முழுதாகப் பயன்படுத்த நினைத்தால் அந்த அவகாசம் 6.94 மில்லி நொடியாகச் சுருங்கும். 2560×1440 மானிட்டர் என்றால் பிக்சல்கள் 36,86,400, ஏறத்தாழ 1.8 மடங்கு. 4கே என்றால் சரியாக நான்கு மடங்கு. அவகாசம் ஒன்று, பிக்சல் எண்ணிக்கை ஒன்று. இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பாகங்களைப் பார்க்க ஆரம்பித்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

ஒரு ஃபிரேம் உருவாவதில் இரண்டு பேருக்கு வேலை. முதலில் பிராசஸர்: நீங்கள் எந்தப் பட்டனை அழுத்தினீர்கள், எதிரி எங்கே நிற்கிறான், உருண்ட கல் எதன்மேல் மோதியது என்பதையெல்லாம் கணக்கிட்டு, எதை எங்கே வரைய வேண்டும் என்ற கட்டளைகளைத் தயார் செய்கிறது. அந்தக் கட்டளைகளை வாங்கி, முக்கோணங்களாக அடுக்கி, ஒவ்வொரு பிக்சலுக்கும் வண்ணம் தீட்டுவது கிராஃபிக்ஸ் கார்டு. ஒருவர் செங்கல் எடுத்துக் கொடுக்க இன்னொருவர் சுவர் எழுப்புகிற மாதிரி. கார்டு இந்தப் படத்தை வரையும்போதே பிராசஸர் அடுத்த படத்துக்கான கட்டளைகளைத் தயார் செய்யத் தொடங்கிவிடும். ஆகவே மெதுவான ஆளின் வேகம்தான் மொத்த வேகம்.

இதில் கவனிக்க வேண்டியது, ரெசல்யூஷன் கூடினால் கார்டின் வேலை மட்டுமே பெருகுகிறது. எதிரி எங்கே நிற்கிறான் என்று கணக்கிட பிராசஸருக்கு ஆகும் நேரம் 1080லும் 1440லும் கிட்டத்தட்ட ஒன்றேதான். அதனால், அழகான காட்சிகள் நிறைந்த கதை கேம்களை 1440ல் ஆடப்போகிறவர் பட்ஜெட்டின் பெரும்பங்கை கார்டில் போடுவது நியாயம். 1080ல், உயர் ஹெர்ட்ஸில், துப்பாக்கிச் சண்டைப் போட்டிகள் மட்டுமே ஆடுபவருக்கு பிராசஸர்தான் முக்கியம். என்னைக் கேட்டால், நடுத்தர பட்ஜெட்டுக்குப் பொருத்தமான இடம் 1440.

சரி, கார்டுக்கு வருவோம். அதன் சிப் எவ்வளவு வேகம் என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். அதில் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்பதைப் பலர் பார்ப்பதில்லை. சுவரின் காரை, மரத்தின் பட்டை, முகத்தின் தோல் என்று கேமில் தெரியும் பரப்புகளின் படங்களெல்லாம் கார்டின் சொந்த நினைவகத்தில்தான் தயாராக இருக்க வேண்டும். அங்கே இடம் போதாவிட்டால் மிச்சம் கணினியின் ரேமுக்குத் தள்ளப்பட்டு, தேவைப்படும்போது கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகத் திரும்பி வர வேண்டும். இந்தப் பாதை எவ்வளவு குறுகலானது என்பதற்கு ஆர்டிஎக்ஸ் 4060 ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அந்த கார்டு தன் சொந்த நினைவகத்திலிருந்து நொடிக்கு 272 ஜிபி எடுக்க முடியும். ஆனால் மதர்போர்டோடு அது பேசுவது பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0ன் 8 லேன் (தடம்) வழியாக; நொடிக்கு சுமார் 16 ஜிபி. பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 மட்டுமே உள்ள பழைய போர்டில் செருகினால் அதிலும் பாதி. 8 ஜிபி நினைவகம் நிரம்பி வழியும்போது கேம் ஏன் திடீர் திடீரென்று தடுக்கிவிழுகிறது என்பது இதிலிருந்து புரியும்.

சராசரி ஃபிரேம் எண்ணிக்கையில் இந்தத் தடுமாற்றம் சரியாகத் தெரியாது. நொடிக்கு 80 ஃபிரேம் என்று காட்டும் அதே நேரத்தில் இடையே ஒரு ஃபிரேம் 60 மில்லி நொடி எடுத்திருக்கலாம். கண்ணை உறுத்துவது அந்த ஒன்றுதான். ஆகவே சோதனை முடிவுகளைப் பார்க்கும்போது சராசரியோடு, மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் எண்ணையும் பாருங்கள். கொஞ்சம் வேகமான 8 ஜிபி கார்டா, கொஞ்சம் மெதுவான 12 அல்லது 16 ஜிபி கார்டா என்ற கேள்வி வந்தால் நான் தயங்காமல் இரண்டாவதை எடுப்பேன். சிப் மெதுவாக இருந்தால் செட்டிங்கைக் குறைத்து, சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங்கைப் போட்டுச் சமாளிக்கலாம். கார்டில் பின்னால் நினைவகம் சேர்க்க வழியில்லை.

பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளான கோர்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். 1967ல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் சொன்ன ஒரு எளிய கணக்கு உண்டு: ஒரு வேலையில் 40 சதவீதம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய முடியும் என்றால், எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் அது இரண்டரை மடங்குக்கு மேல் வேகமாகாது. கேம் அப்படிப்பட்ட வேலை. குண்டு பட்டதா என்று தெரிந்தால்தான் எதிரி விழுவானா என்று தெரியும். அவன் விழுந்தால்தான் அடுத்தவன் ஓடுவான். இன்றைய கேம்களுக்கு 6 கோர் போதும், 8 இருந்தால் நிறைவு. அதற்குமேல் கொடுக்கும் பணம் கேமில் திரும்பி வருவது அரிது.

கோரைவிட முக்கியமாக எனக்குப் படுவது கேஷ், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம். 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசஸருக்கு ஒரு துடிப்பு 0.2 நானோ நொடி. ரேமிலிருந்து ஒரு தகவலை வரவழைக்க ஏறத்தாழ 80 நானோ நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தகவலுக்காகக் காத்திருக்கும் கோர் 400 துடிப்புகளை இழக்கிறது. ரேம் வேகமாகிக்கொண்டே வருகிறதே என்று கேட்கலாம். அள்ளி வரும் அளவு கூடியிருக்கிறது, உண்மை. காத்திருப்பு அப்படிக் குறையவில்லை. டிடிஆர்4 3200 ரேமில் சிஎல்16 (ரேம் பதில் தர எடுக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை; மொத்தக் காத்திருப்பில் ஒரு பகுதி மட்டும்) என்பதும், டிடிஆர்5 6000 ரேமில் சிஎல்30 என்பதும் கணக்குப் போட்டால் அதே 10 நானோ நொடிதான். அதனால்தான் 2022 ஏப்ரலில் வந்த ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசஸர் அவ்வளவு பேசப்பட்டது. பிராசஸர் சிப்பின் மேலேயே இன்னொரு அடுக்காக 64 எம்பி கேஷை வைத்து, மூன்றாம் நிலை கேஷை 32லிருந்து 96 எம்பி ஆக்கினார்கள். கடிகார வேகம் அதன் அண்ணனான 5800எக்ஸைவிடக் குறைவு. ஆனாலும் பல கேம்களில் அதை முந்தியது. காத்திருக்க வேண்டிய தருணங்கள் குறைந்ததுதான் காரணம்.

அந்தப் பிராசஸரை எங்கே செருக முடிந்தது என்பதுதான் மேம்படுத்தும் எண்ணம் உள்ளவருக்கு இன்னும் முக்கியமான செய்தி. 2017ல் முதல் ரைசனுக்காக ஏஎம்4 சாக்கெட் (பிராசஸரைச் செருகும் இடம்) உள்ள மதர்போர்டு வாங்கியவர்களில் பலர், ஐந்து ஆண்டு கழித்து பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) மட்டும் புதுப்பித்துவிட்டு அதே போர்டில் 5800எக்ஸ்3டியைப் பொருத்திக்கொண்டார்கள். அதே 2017ல் இன்டெல் பக்கம் வேறு கதை. எட்டாம் தலைமுறை பிராசஸர்களுக்கும் பழையபடி 1151 தொடர்புப் புள்ளிகள்தான், சாக்கெட்டும் பார்க்க அதேதான்; ஆனால் முந்தைய போர்டுகளில் வேலை செய்யாது. பிற்பாடு வந்த எல்ஜிஏ1700 சாக்கெட் 2021லிருந்து மூன்று தலைமுறைகளைத் தாங்கியது. 2024 அக்டோபரில் அதன் இடத்துக்கு எல்ஜிஏ1851 வந்துவிட்டது.

ஆகவே போர்டு வாங்கும்போது, இந்தச் சாக்கெட்டுக்கு இன்னும் பிராசஸர் வருமா என்பதே முதல் கேள்வி. 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இப்போது சாதாரண 6 கோர் ஏஎம்5 பிராசஸரோடு தொடங்கி, மிச்சப் பணத்தைக் கார்டில் போட்டு, சில ஆண்டுகளில் பெரிய கேஷ் உள்ள எக்ஸ்3டி பிராசஸருக்கு மாறுவது எனக்கு மிகவும் பிடித்த திட்டம்.

போர்டில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பிராசஸர் கேட்பது ஒரு வோல்ட் சொச்சம் மின்னழுத்தம். பவர் சப்ளை தருவது 12 வோல்ட். இடையே இறக்கிக் கொடுப்பது போர்டில் சாக்கெட்டைச் சுற்றியுள்ள விஆர்எம். 1.2 வோல்ட்டில் 100 வாட் என்றால் 83 ஆம்பியர்! அந்தப் பகுதி பலவீனமான போர்டில் பெரிய பிராசஸரைப் பின்னால் பொருத்தினால், விஆர்எம் சூடேறி பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விஆர்எம் மேல் உலோக வெப்பத்தகடு உள்ள நடுத்தர போர்டு போதும். மினுமினுக்கும் விளக்குகளுக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

ரேமில் பழைய அறிவுரை ஒன்று இன்று பலிப்பதில்லை. இப்போது இரண்டு குச்சி, அப்புறம் இன்னும் இரண்டு என்று சொல்வார்கள். டிடிஆர்5ல் நான்கு குச்சிகளைப் போட்டால் ஒவ்வொரு சேனலிலும் (ரேமுக்கான பாதை) இரண்டு குச்சி சேர்ந்து மின்சமிக்ஞை கெடுவதால், பல கணினிகள் வேகத்தைக் கணிசமாக இறக்கித்தான் ஓடுகின்றன. அதனால் முதலிலேயே இரண்டு 16 ஜிபியாக வாங்கிவிடுவது நல்லது. ஒற்றைக் குச்சியாக 32 ஜிபி வேண்டாம்: 6000 வேக ரேமில் ஒரு சேனல் நொடிக்கு 48 ஜிபி கொண்டுவரும், இரண்டு இருந்தால்தான் 96.

பவர் சப்ளை விஷயத்தில் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் கார்டை மட்டும் பெரிதாக மாற்றினேன். வாட்களைக் கூட்டிப் பார்த்தால் பழைய பவர் சப்ளைக்கு மிச்சமே இருந்தது. ஆனால் கனமான காட்சி வந்ததும் கணினி சட்டென்று அணைந்துவிடும். எச்சரிக்கை கிடையாது, நீலத்திரை கிடையாது. இரண்டு வாரம் கார்டைச் சந்தேகப்பட்டு, டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில்தான் காரணம் புரிந்தது. கார்டின் பெட்டியில் எழுதியிருப்பது சராசரி வாட். வேலை திடீரென்று கூடும்போது ஒரு மில்லி நொடிக்கும் குறைவான நேரத்துக்கு அது சராசரியைப்போல் இரு மடங்கு வரைகூட இழுக்கக்கூடும். அதைப் பார்த்து பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று, எங்கோ கோளாறு என்று நினைத்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். 2022ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம் இதை நேரடியாகக் கையாள்கிறது: புதிய 16 முள் கார்டு இணைப்போடு வரும், 450 வாட்டுக்கு மேற்பட்ட பவர் சப்ளை, தன் மதிப்பைப்போல் இரு மடங்கு சுமையை 100 மைக்ரோ நொடிக்குத் தாங்க வேண்டும்.

கார்டுக்கு 200, பிராசஸருக்கு 100, மற்றவற்றுக்கு 50 என்று 350 வாட் வரும் கணினிக்கு நான் 750 வாட் சொல்வேன். அடுத்த கார்டும் அதிலேயே ஓடும். 80 பிளஸ் கோல்டு போன்ற சான்றுகள் மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதை மட்டுமே அளக்கின்றன. கட்டுமானத் தரத்துக்குத் தனியாக ஆய்வுகளைப் படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பின்னாளில் பவர் சப்ளையை மாற்றினால் பழைய கேபிள்களையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். கழற்றி மாட்டும் கேபிள்களில் பவர் சப்ளை பக்க முள் வரிசைக்குப் பொதுத் தரம் கிடையாது. முனை கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் சேமித்த எல்லாவற்றோடும் டிரைவ் எரிந்துவிடலாம்.

எஸ்எஸ்டிக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மாறும்போதுதான் பெரிய பாய்ச்சல். நொடிக்கு 3500 எம்பி தரும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டிக்கும் 7000 தருவதற்கும் கேமில் வித்தியாசம் பெரும்பாலும் உணரக்கூடிய அளவில் இல்லை. அந்தக் காசுக்குக் கொள்ளளவைக் கூட்டுங்கள். கேபினெட் வாங்கும்போது முன்பக்கம் காற்று புகும் வலையாக இருக்கிறதா, நீளமான கார்டு உள்ளே போகுமா என்று மட்டும் பாருங்கள்.

கட்டி முடித்ததும் பயாஸுக்குள் போய் ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்குங்கள். இல்லையென்றால் 6000 என்று எழுதிய ரேம் 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸில் மானிட்டரின் ஹெர்ட்ஸையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60லேயே நின்றிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்று நான்கு ஆண்டு கழித்துப் புது கேம் திணறும்போது, காசை எடுப்பதற்கு முன் அந்த கேமில் ரெசல்யூஷனை மட்டும் 1440லிருந்து 1080க்கு இறக்கிப் பாருங்கள். ஃபிரேம் நன்றாக ஏறினால் கார்டைத்தான் மாற்ற வேண்டும். 750 வாட் தயாராக இருக்கிறது. ஏறாமல் அப்படியே நின்றால் பிராசஸர்தான் இழுத்துப் பிடிக்கிறது. அப்போது பயாஸைப் புதுப்பித்து, சாக்கெட்டின் கொக்கியைத் தூக்கி, புதியதை உள்ளே வைத்தால் போதும்.