ஆப்பிரிக்கன் ஸ்டடீஸ் – தமிழ்ல என்னன்னு எழுதறது?

ஆப்பிரிக்கன் ஸ்டடீஸ்னா ஆப்பிரிக்க வரலாறுன்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க, அப்படி இல்ல. வரலாறு, மொழி, அரசியல், பொருளாதாரம், மானிடவியல், இசைன்னு பல துறைய ஒண்ணா வச்சு இன்னிக்கு அங்க மக்கள் எப்படி வாழறாங்கன்னு பாக்கற படிப்பு இது. வகுப்போட முடியாது, அங்கயே போய் தங்கி பாஷை கத்துக்கிட்டு ஆய்வு பண்ணணும்.

பேரு எங்கேந்து வந்துச்சுன்னு பாத்தா, கிமு 146ல ரோமாக்காரங்க கார்த்தேஜ்ங்கற நகரத்த அழிச்சுட்டு அந்த இடத்த, அதாவது இப்போ துனிசியா இருக்கற பக்கத்த, மாகாணமாக்கி ஆப்பிரிக்கான்னாங்க, அங்க இருந்த ஆஃப்ரிங்கற மக்களோட பேர்தான் மூலம்னு பொதுவா சொல்வாங்க. அது அப்புறமா முழு கண்டத்துக்கும் ஒட்டிக்கிச்சு.

படிப்போட கதையும் வெளியாளுங்க கிட்டதான் ஆரம்பிக்குது. லண்டன்ல 1916ல தொடங்கின கீழைத்தேய ஆய்வுப் பள்ளியோட பேர்ல 1938லதான் ஆப்பிரிக்கா சேந்துச்சு, காலனி ஆபீசருங்களுக்கு பாஷை சொல்லிக்குடுக்கறது அங்க முக்கியமான வேலை. அமெரிக்காவுல 1948ல நார்த்வெஸ்டர்ன் யுனிவர்சிட்டில மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ்ங்கற மானிடவியலாளர் இதுக்குன்னே ஒரு தனி ப்ரோக்ராம் ஆரம்பிச்சார். 1957ல கானா விடுதலை ஆனப்புறம் காத்து திரும்புச்சு. 1963 அக்டோபர்ல கானா தலைநகர் அக்ராவுக்குப் பக்கத்துல லெகான்ல ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனத்த முறைப்படி திறந்து வச்ச அப்போதைய கானா ஜனாதிபதி நிக்ருமா, ஆப்பிரிக்காவ மையமா வச்சுத்தான் இந்த ஆய்வு நடக்கணும்னு பேசினார். அந்த நிறுவனம் இருக்கற கானா யுனிவர்சிட்டில இளநிலைல என்ன டிகிரி படிச்சாலும் ஆப்பிரிக்கன் ஸ்டடீஸ் பேப்பர் ஒண்ணு கட்டாயம் எழுதியாகணும், நல்ல ஏற்பாடு.

ஏன் இத்தன துறைன்னா, அக்ராவோட மகோலா மார்க்கெட்ட எடுத்துக்கோங்க. அங்க தக்காளிக்கு ஒரு தலைவி, யாம் கிழங்குக்கு ஒரு தலைவின்னு பெண்கள்தான் வியாபாரத்த நடத்துவாங்க, அந்தத் தலைவிக்கு ட்விங்கற உள்ளூர் மொழில 'ஒஹெம்மா'ன்னு பேரு, ராணின்னு அர்த்தம். விலை ஏன் ஏறுதுன்னு பொருளாதாரம் மட்டும் படிச்சவர் வந்தா பாதி புரியாது, ஏன்னா ட்வி பேசற அக்கான் மக்கள்ல தாய்வழி உறவுமுறை, அது தெரியணும், 1979ல ராணுவ அரசு, விலையேத்தத்துக்கு இந்த பெண்கள் மேலயே பழியப் போட்டு மார்க்கெட்ட இடிச்சதே அந்த அரசியலும் தெரியணும், பேரம் நடக்கறத காதுல வாங்க ட்வி தெரியணும்.

சரி, தமிழ்ல? சிலர் 'ஆப்பிரிக்கப் படிப்புகள்'னு போடறாங்க, கேக்கவே நல்லா இல்ல. என் ஓட்டு 'ஆப்பிரிக்கவியல்'. 'இயல்'னா ஒரே துறைதானேன்னு கேப்பீங்க, ஆனா தமிழியல்னு சொல்றோமே, அதுல இலக்கியம் கல்வெட்டு நாட்டார் வழக்கு எல்லாமே வருதுல்ல. மல்டிடிசிப்ளினரிக்கு 'பல்துறை' போதும். ஃபீல்ட்வொர்க்குக்கு 'களப்பணி'ன்னு போட்டா தேர்தல் வேலை, சுகாதாரத்துறை வேலைன்னு அர்த்தம் போயிடும், அதனால படிப்பு பத்தி பேசும்போது 'கள ஆய்வு'.

ஆப்பிரிக்காவா ஆபிரிக்காவான்னு சண்ட வேணாம், ரெண்டாவது இலங்கை வழக்கு, ரெண்டும் சரி. 'ஆப்பிரிக்க மொழி'ன்னு ஒரே ஒரு மொழி இருக்கற மாதிரி எழுதறதுதான் தப்பு, மொத்தம் 54 நாடு, அதுல கானாவுல மட்டுமே ட்வி, எவே, கா, டக்பானின்னு பட்டியல் நீளும்.