ஷிப்ட் ரெஜிஸ்டர்: நகர்வுப் பதிவகம்

ரெஜிஸ்டர் என்றால் மட்டக்களப்பில் முதலில் நினைவுக்கு வருவது பாடசாலை வரவு இடாப்பு. இலத்திரனியலில் அது பிட்டுகள் (0 அல்லது 1 என்ற நிலைகள்) சற்று நேரம் தங்கும் இடம். ஆகவே அதற்குத் தமிழில் இடாப்பும் பதிவேடும் பொருந்தா. பதிவகம் என்பதே சரி. இலத்தீனில் 'திருப்பிக் கொண்டுசெல்' எனப் பொருள்படும் வினையில் பிறந்து, பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. ஷிப்ட் என்பதைச் சிலர் பெயர்ச்சி என்பர். உயர்தரப் பௌதிகவியலில் இடப்பெயர்ச்சி வேறொரு கணியம், மாணவர் குழம்புவர். எனவே நகர்வுப் பதிவகம். 1944இல் சங்கேதங்களை உடைக்கக் கட்டிய கொலோசஸ் பொறியின் இரண்டாம் வடிவத்திலேயே வெற்றிடக் குழாய்களாலான நகர்வுப் பதிவகம் இருந்தது.

அம்பாறைப் பக்கத்து அரிசி ஆலையில் எட்டு லிமிட் சுவிட்சுகளை (பொறியின் பாகம் எல்லையைத் தொட்டதும் இயங்குபவை) மைக்ரோகன்ட்ரோலர் என்னும் சிறு கட்டுப்பாட்டுக் கணினிச் சில்லின் மூன்றே பின்களால் (இணைப்புக் கால்களால்) வாசிக்க வேண்டுமா? 74எச்.சி.165 என்னும் நகர்வுப் பதிவக ஐசி (மின்சுற்றுச் சில்லு) போதும். எட்டு நிலைகளையும் சமாந்தரமாக வாங்கி, ஒவ்வொன்றாகத் தொடராக வெளியே தள்ளும். 8ஆம் பின்னும் 15ஆம் பின்னும் கிரவுண்டுக்கு, 16 மின்வழங்கலுக்கு, 8க்கும் 16க்கும் இடையே 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி. ஒவ்வொரு சுவிட்சுக்கும் 10 கிலோ ஓம் தடையியை மின்வழங்கலுக்கு இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திறந்த சுவிட்ச் ஒருமுறை 0, ஒருமுறை 1 என்று காட்டும்.

1ஆம் பின் தாழ்ந்திருக்கும்போது (0 நிலையில்) எட்டு பிட்டுகளும் உள்ளே ஏறும். அதை உயர்த்தியதும், துடிப்பு (பிட்டுகளை நகர்த்தும் கடிகாரச் சமிக்ஞை) எதுவும் கொடுக்காமலே, 6ஆம் பின்னின் பிட் 9ஆம் பின்னில் காத்திருக்கும். பலர் தடுமாறுவது இங்கேதான். 2ஆம் பின்னில் துடிப்பு ஏறும் கணத்தில் பிட்டுகள் நகர்ந்துவிடும். துடிப்பைக் கொடுத்தபின் வாசித்தால் முதல் பிட் போய்விடும். ஆர்டுயினோ மைக்ரோகன்ட்ரோலர் பலகையின் ஷிப்ட்இன் கட்டளையும் துடிப்பை உயர்த்திவிட்டே வாசிக்கிறது. எனவே 1ஆம் பின் தாழ்ந்திருக்கும்போதே 2ஆம் பின்னை உயர்த்தி வைத்து, பிறகு 1ஐ உயர்த்தி, அதன்பின் கட்டளையை அழையுங்கள். அப்போது முதல் வாசிப்புக்கு முன் ஏறும் விளிம்பு இராது.

எப்போதும் ஒரு பிட் தள்ளியே வந்தால் பிழை நிரலில். இடையிடையே மட்டும் தள்ளி வந்தால் துடிப்புக் கம்பியைப் பாருங்கள்: மோட்டார் அருகே நீளமாக ஓடும் கம்பியில் ஒரு துடிப்பு இரண்டாக எண்ணப்படுகிறது. ஐசியை மைக்ரோகன்ட்ரோலருக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

16 பிட் வேண்டுமானால் இரண்டாவது ஐசியின் 9ஐ முதலாவதின் 10க்குக் கொடுத்து, 1, 2 ஆகிய பின்களைப் பொதுவாக்குங்கள். இரண்டாவதின் 10 கிரவுண்டுக்கு. மைக்ரோகன்ட்ரோலர் ஈ.எஸ்.பி.32 என்றால் ஐசிக்கும் 3.3 வோல்ற்றே கொடுங்கள். 5 வோல்ற்று கொடுத்தால் 9ஆம் பின்னிலிருந்து அதே 5 வோல்ற்று ஈ.எஸ்.பி.32இன் உள்ளீட்டுக்குப் போய் அதைப் பழுதாக்கக்கூடும்.