அப்பா இல்லாத பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய்: கடலூரில் யாரைப் போய்ப் பார்ப்பது?

"அப்பா இறந்துபோன பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாசம் நாலாயிரம் தருதாம், உடனே ஷேர் பண்ணுங்க" என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றும். அதில் பாதி உண்மை. திட்டம் இருக்கிறது, தொகையும் சரிதான். ஆனால் அப்பா இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து எல்லோருக்கும் வந்துவிடாது. அப்பா உயிரோடு இருக்கும் சில பிள்ளைகளுக்கும் இது உண்டு என்பதை அந்தச் செய்தி சொல்வதே இல்லை.

மிஷன் வத்சல்யா என்ற திட்டத்தின் கீழ் வரும் நிதி ஆதரவு உதவி இது. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற கணக்கில் பணம் போடுகின்றன. முன்பு 2,000 ரூபாயாக இருந்ததை இந்தத் திட்டத்தில்தான் 4,000 ஆக்கினார்கள். பிள்ளைக்கு 18 வயது முடியும்வரை தரலாம்.

கணவரை இழந்தவர், விவாகரத்தானவர், கணவரால் கைவிடப்பட்டவர் ஆகியோரின் பிள்ளைகள் கேட்கலாம். பெற்றோர் இருவரும் இல்லாமல் பாட்டி, சித்தி, மாமா வீட்டில் வளரும் பிள்ளைகளும் கேட்கலாம். பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் இருந்தாலோ, விபத்தில் முடங்கிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாமல் கிடந்தாலோ அதுவும் கணக்கில் வரும். குழந்தைத் தொழிலிலிருந்தோ குழந்தைத் திருமணத்திலிருந்தோ மீட்கப்பட்ட பிள்ளைகளையும் சேர்த்திருக்கிறார்கள்.

வருமான வரம்பு கிராமத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாய், நகரத்தில் 96,000 ரூபாய். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். கணவர் நெய்வேலியில் ஒப்பந்த வேலை பார்த்த காலத்தில் எடுத்த வருமானச் சான்றையே கொண்டுபோய்க் கொடுத்தால், வரம்பைத் தாண்டிய தொகை அதில் இருக்கும், மனு அங்கேயே நின்றுவிடும். இப்போது வீட்டுக்கு என்ன வருகிறதோ அதை வைத்து இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பியுங்கள். விஏஓ விசாரிக்க வரும்போது, முந்திரித் தோப்பு வேலையோ மீன் கூடை வியாபாரமோ, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

அடுத்த தலைவலி பெயர். இறப்புச் சான்றில் 'செல்வம்', ஆதாரில் 'செல்வகுமார்', ரேஷன் கார்டில் இன்ஷியல் வேறு. பார்க்க அற்ப விஷயம்தான், ஆனால் கோப்பு மாதக்கணக்கில் தூங்குவதற்கு இது போதும். மனு போடுவதற்கு முன்பே எல்லாத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். பிள்ளையின் ஆதார், வளர்ப்பவரின் ஆதார், ரேஷன் கார்டு, இறப்புச் சான்று, வருமானச் சான்று, பள்ளியில் படிப்பதற்கான சான்று, பிள்ளையின் பெயர் உள்ள வங்கி பாஸ்புக் ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். நோய் காரணம் என்றால் மருத்துவச் சான்றும் வேண்டும். கணவர் விட்டுப் போயிருந்தால் இறப்புச் சான்றுக்கு வழியில்லை. அப்போது, கைவிடப்பட்ட பெண் என்ற சான்றை வருவாய்த் துறையிடம் வாங்க வேண்டும். அதற்கும் இ-சேவையிலேயே விண்ணப்பிக்கலாம்.

மனுவை வாங்குவது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. தாலுகா ஆபீஸில் இதைக் கேட்டு அலைய வேண்டாம். அலகு எங்கே என்று தெரியாவிட்டால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுவாகவே கொடுத்துவிடலாம். படிவத்துக்குக் காசு கிடையாது. "நான் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது ஆயிரம் இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். அப்புறம் ஒரு பணியாளர் வீட்டுக்கு வருவார். வீட்டு நிலைமை, பிள்ளையின் படிப்பு எல்லாவற்றையும் விசாரித்து அறிக்கை எழுதுவார். அதைப் பார்த்து ஒரு குழு ஒப்புதல் தரும். நிதிக்கு அளவு உண்டு என்பதால் தகுதி இருந்தும் காத்திருக்க வேண்டி வரலாம். பணம் ஒன்றாம் தேதிச் சம்பளம்போல வரும் என்று நம்பி கடன் வாங்கிவிடாதீர்கள்.

பிள்ளையைப் பள்ளியை விட்டு நிறுத்தினால் உதவியும் நிற்கலாம். குழந்தைகள் இல்லத்தில் (ஹோமில்) கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாலும் அப்படியே, ஏனென்றால் இது பிள்ளை வீட்டிலேயே வளர்வதற்கான பணம். இளைஞர் நீதிச் சட்டம் 2015, இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. இது நம் பக்கம் பலருக்குத் தெரிவதில்லை. "ஏதாவது ஹோம்ல சேர்த்துடு, சோறாவது கிடைக்கும்" என்று சொந்தக்காரர்கள் அந்தத் தாயிடம் சொல்வதற்கு முன், இந்த மனுவைப் போட்டார்களா என்று கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15 அன்று 'அன்புக் கரங்கள்' என்று தனியாக ஒன்றைத் தொடங்கியது. மாதம் 2,000 ரூபாய், 18 வயது வரை. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவர் இறந்து மற்றவர் மாற்றுத்திறனாளியாகவோ, சிறையிலோ, கடும் நோயிலோ இருந்தால், அல்லது பிள்ளையைக் கைவிட்டுப் போயிருந்தால் அவர்களுக்கும் இது பொருந்தும்.

சம்பாதிக்கும் அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்திருந்தால், அல்லது நிரந்தரமாக முடங்கியிருந்தால், இன்னொன்றும் இருக்கிறது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 1 முதல் 12ஆம் வகுப்புவரை படிக்கும் பிள்ளையின் பெயரில் 75,000 ரூபாயை டெபாசிட்டாகப் போடுவார்கள். இதைத் தலைமை ஆசிரியரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆல்பேட்டை சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம், பாகூர், கன்னியக்கோயில் பகுதிகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை, ஆஸ்பத்திரி, சந்தை எல்லாம் உங்களுக்குக் கடலூராக இருக்கலாம். ஆனால் ரேஷன் கார்டு புதுச்சேரி என்றால் மனுவும் புதுச்சேரியில்தான். மிஷன் வத்சல்யா அங்கேயும் உண்டு, மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையில் விசாரியுங்கள். அன்புக் கரங்கள் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மட்டும். கல்யாணமாகி அங்கே போய், கணவர் இறந்தபின் கடலூரில் அம்மா வீட்டுக்குத் திரும்பிய பெண்கள், முதலில் கார்டையும் ஆதார் முகவரியையும் இந்தப் பக்கம் மாற்றிவிட்டு மனு போடுவது நல்லது.

பிள்ளையை யாராவது அடிக்கிறார்கள், வேலைக்கு அனுப்புகிறார்கள், கல்யாணம் பேசுகிறார்கள் என்றால் மனு எழுதிக்கொண்டு இருக்க வேண்டாம். 1098-க்குப் போன் போடுங்கள். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இதே எண்தான், இரவிலும் எடுப்பார்கள், காசு ஆகாது.