நீங்கள் லீவு போட்டால் உங்கள் டீம் என்ன செய்யும்?

நிறுவனங்களில் மேலாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பது என் தொழில். முதல் நாள் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பேன்: "நாளையிலிருந்து 2 வாரம் உங்களுக்கு லீவு, போனும் எடுக்கக் கூடாது. டீமில் என்ன நடக்கும்?" பாதிப் பேர் சிரித்துக்கொண்டே "எல்லாம் அப்படியே நின்னுடும் சார்" என்பார்கள். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை தெரியும் பாருங்கள், நான் கவனிப்பது அதைத்தான். தான் இல்லாவிட்டால் ஓடாது என்பதைத் தன் திறமைக்குக் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆள் வெளியே போனால் என்ன ஆகும் என்பதை 1930களின் கடைசியிலேயே ஒரு சோதனையில் பார்த்திருக்கிறார்கள். கர்ட் லெவின் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்த இருவரும் அமெரிக்காவின் அயோவாவில் 10 வயதை ஒட்டிய பையன்களைச் சின்னச் சின்னக் குழுக்களாக்கி, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒருவகைத் தலைவர் ஒவ்வொரு அடியையும் தானே சொல்லிக் கெடுபிடியாக நடத்தினார், இன்னொரு வகை கலந்து பேசி முடிவெடுக்க விட்டது, மூன்றாவது வகை எதிலும் தலையிடாமல் ஒதுங்கி நின்றது. தலைவர் எதிரே இருக்கும்வரை கெடுபிடிக் குழுவில்தான் வேலை அதிகம் நடந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர் வேண்டுமென்றே அறையை விட்டு வெளியே போனதும் அந்தக் குழுவில் வேலை படுத்துவிட்டது, கலந்து பேசிய குழுவிலோ பெரிய மாற்றமில்லாமல் தொடர்ந்தது. "நான் யார் வேலையிலும் தலையிட மாட்டேன், ரொம்ப ஃப்ரீயா விட்டிருக்கேன்" என்று சொல்லும் மேலாளர்கள் மூன்றாவது குழுவையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், அங்கே வேலையும் சரியாக நடக்கவில்லை, பையன்களுக்கும் திருப்தி இல்லை.

சரி, அப்படியானால் மேனேஜ்மென்ட் கெட்டது, லீடர்ஷிப் நல்லது என்று சொல்ல வருகிறேனா? இல்லவே இல்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள், பாரத்தின் மேல் உட்கார்ந்து விரலை நீட்டுபவர் 'பாஸ்', எல்லோரோடும் சேர்ந்து கயிற்றைப் பிடித்து இழுப்பவர் 'லீடர்'. எனக்கு அந்தப் படத்தைக் கண்டாலே எரிச்சல். எல்லோருமே குனிந்து இழுத்துக்கொண்டிருந்தால், கயிறு தாங்குமா என்று பார்ப்பது யார்? போகிற வழி சரிதானா என்று நிமிர்ந்து பார்ப்பது யார்? முதல் கேள்வி மேலாண்மை, இரண்டாவது தலைமை. மேலாண்மைப் பேராசிரியர் ஜான் காட்டர் 1990இல் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னார்: சிக்கலான வேலைகளை ஒழுங்காக ஓட்டுவது மேலாண்மை, மாற்றத்தை எதிர்கொள்வது தலைமை. மாதக் கடைசியில் எல்லோருக்கும் சம்பளம் சரியாகப் போய்ச் சேருகிறதென்றால் எங்கேயோ நல்ல மேலாண்மை நடக்கிறது, யாரும் கைதட்டுவதில்லை, அவ்வளவுதான். 5 வருடமாக வாங்கிய வாடிக்கையாளர் "இனிமேல் இது எங்களுக்கு வேண்டாம்" என்கிறபோது எந்த எக்ஸெல் ஷீட்டிலும் பதில் இருக்காது, அங்கேதான் மற்றது தேவைப்படுகிறது. காலையில் ஒன்றும் சாயங்காலம் மற்றதுமாக ஒரே ஆள் இரண்டையும் செய்தாக வேண்டும் என்பதுதான் நடைமுறை.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், நாம் பதவி கொடுக்கும் விதத்தில். நன்றாக வேலை செய்பவரை மேலாளராக்கி, லீவு அப்ரூவ் பண்ணவும் ரிப்போர்ட் எடுக்கவும் அரை நாள் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்கிறார், அதாவது கணக்குக் கேட்கிறார்.

ஒரு நிறுவனத்தில் ஒரு பெண் மேலாளரின் வாராந்திர ரிவ்யூ கூட்டத்தில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். 9 பேர், 40 நிமிடம். அவர் கேட்கும் கேள்விகளை நோட்டில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். "எப்போ முடியும்?" 17 தடவை. "எங்கே சிக்குது?" ஒரு தடவைகூட இல்லை. ஓர் இளைஞன், பேனா மூடியை நகத்தால் நிமிண்டிக்கொண்டே, "நாளைக்கு முடிஞ்சிடும் மேடம்" என்றான். கூட்டம் கலைந்தபின் தனியாகக் கேட்டேன். பக்கத்து டிபார்ட்மென்ட் 3 வாரமாக டேட்டா தரவில்லையாம்.

"அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, நீ ஏன் ஃபாலோ பண்ணலேன்னு கேப்பாங்க சார். நாளைக்குன்னு சொல்லிட்டா அடுத்த ஆளுகிட்ட போயிடுவாங்க."

கொஞ்சம் தாமதமாகும், வேறென்ன என்று தோன்றலாம். 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலம் ஏவப்படுவதற்கு முந்தைய கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ராக்கெட் பூஸ்டரைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள், இந்தக் குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, ஏவ வேண்டாம் என்றார்கள். ஏவலாம் என்று நிரூபிப்பதற்குப் பதிலாக, ஏவக்கூடாது என்று நிரூபியுங்கள் என்பது போலப் பேச்சு திரும்பிவிட்டது. அவர்களுடைய மூத்த அதிகாரி, தயங்கிக்கொண்டிருந்த பொறியியல் துறைத் தலைவரிடம், உன் எஞ்சினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜ்மென்ட் தொப்பியைப் போட்டுக்கொள் என்றார். மறுநாள், புறப்பட்ட 73ஆவது வினாடியில் விண்கலம் சிதறியது, 7 உயிர்கள் போயின. இதை மேனேஜ்மென்ட்டின் தவறு என்று வகுப்புகளில் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒழுங்கான மேலாண்மையாக இருந்தால் சந்தேகம் இருக்கும்போது நிறுத்துவதுதான் நடைமுறை. அன்று அந்த அறையில் மேலாண்மை, தலைமை இரண்டுமே இல்லை, ஏவும் தேதி அட்டவணை மட்டும்தான் இருந்தது.

திரும்ப நம் மேலாளருக்கு வருகிறேன். என் நோட்டைக் காட்டியபோது அவருக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் கூட்டத்தின் வரிசையை மாற்றினார்: தேதிகள் எல்லாம் ஷீட்டில் இருக்கட்டும், முதல் 10 நிமிடம் சிக்கல் மட்டும் பேசுவோம். 2 வாரம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, எல்லோரும் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வாரம் அதே பேனா மூடி இளைஞன்தான் டேட்டா விஷயத்தை மெதுவாக எடுத்தான். "நீ ஏன்..." என்று அவருக்கு வாய் வரை வந்ததாம். அதை விழுங்கிவிட்டு, எல்லோருக்கும் முன்னாலேயே போனை எடுத்துப் பக்கத்து டிபார்ட்மென்ட் தலைவரைக் கூப்பிட்டார். அடுத்த வாரம் 4 பேர் பேசினார்கள். நான் எடுத்த 2 நாள் வகுப்பைவிட அந்த ஒரு போன் அதிகம் செய்தது, சொன்னால் எனக்கு வேலை போய்விடும்.

சில மாதம் கழித்து 10 நாள் லீவில் போய்விட்டு வந்தார். வந்த அன்றே எனக்கு போன், குரலில் பதற்றம். டீம் தானாகவே முடிவெடுத்து, பாதி முடிந்த வேலையை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே அனுப்பிக் கருத்துக் கேட்டிருக்கிறது.

"நான் இருந்திருந்தா இதை விட்டிருக்கவே மாட்டேன் சார்."

"கஸ்டமர் என்ன சொன்னாங்க?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இப்பவே பாத்தது நல்லதாப் போச்சுன்னாங்க. ஆனா சார்..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு 20 நிமிடம் பேசினார்.