15 வயது நிறையாத பிள்ளைக்கு நுழைவுச்சீட்டு வேண்டாம்: எங்கே செல்லும், எங்கே செல்லாது?

எட்டு வயதுப் பிள்ளையோடு சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனால், பெரியவர்களுக்கு மட்டும் சீட்டு வாங்கினால் போதும். அதே பிள்ளையை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனால் பிள்ளைக்கும் சீட்டு எடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். முன்னது மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறையுடையது. பின்னது, 1851இல் தொடங்கியது, தமிழக அரசின் அருங்காட்சியகங்கள் துறையில் இருக்கிறது. சீட்டு வாங்கும் இடத்தில் நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாடு தெரியாமல் வருபவை. "மத்திய அரசு இலவசம்னு சொல்லியிருக்கே" என்ற பேச்சு எழும்பூரில் எடுபடாது.

இலவசம் எங்கிருந்து வருகிறது என்றால், தொன்மைச் சின்னங்கள், தொல்லியல் இடங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்கீழ் 1959இல் வந்த விதிகளும்தான். நுழைவுக் கட்டணத்தைச் சொல்லும் விதியே, 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. 15 முடிந்து ஒரு வாரம் ஆன பிள்ளைக்கு முழுக்கட்டணம். இடையில் அரைச்சீட்டு என்று ஒன்று கிடையாது. சில இடங்களில் பலகையில் "15 வயது வரை" என்று எழுதியிருப்பதால், 15 நடக்கிறதா முடிந்ததா என்ற குழப்பம் வரும். பதினைந்தாம் பிறந்தநாள் வராத பிள்ளை என்று எடுத்துக்கொண்டால் சிக்கல் இல்லை. இதில் குடியுரிமை பார்ப்பதில்லை. வெளிநாட்டுப் பிள்ளைக்கும் இதே சலுகைதான்.

பெரியவர்களுக்கான கட்டணம் 2018 ஆகஸ்டில் மாற்றியமைத்தபடி இரண்டு பிரிவாக இருக்கிறது. உலகப் பாரம்பரியச் சின்னங்கள் அடங்கிய 'ஏ' பிரிவில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. 'பி' பிரிவில் 25, 300. ரொக்கமில்லாமல் செலுத்தினால் இந்தியருக்கு 5 ரூபாயும் வெளிநாட்டவருக்கு 50 ரூபாயும் குறையும். மாமல்லபுரத்துக்குப் பெற்றோர் இருவரும் 13, 8 வயதுப் பிள்ளைகளும் போனால் ரொக்கமாக 80 ரூபாய், க்யூஆர் குறியீட்டில் செலுத்தினால் 70. மூத்த பிள்ளைக்கு 16 என்றால் 120, அல்லது 105. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே சீட்டு. முதல் இடத்தில் பார்த்து முடித்ததும் சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு, அடுத்த வாசலில் மறுபடி பணம் கட்டுகிறவர்கள் உண்டு. சீட்டைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

நினைவுச் சின்னங்களுக்கான இந்தக் கட்டணம் வேறு, தொல்லியல் துறையின் அருங்காட்சியகக் கட்டணம் வேறு. ஒரே வளாகத்தில் இரண்டும் இருந்தால் இரண்டு சீட்டு கேட்கலாம். பிள்ளைக்கு இரண்டிலும் இலவசம்.

இலங்கையிலிருந்து வரும் குடும்பங்கள் 600 ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. சார்க், பிம்ஸ்டெக் என்ற இரண்டு பிராந்தியக் கூட்டமைப்புகளின் நாட்டவருக்கு இந்தியக் கட்டணமே. இலங்கை இரண்டிலும் இருக்கிறது, தாய்லாந்தும் மியன்மாரும் பிம்ஸ்டெக்கில் வருகின்றன. கடவுச்சீட்டைக் காட்டினால்தான் இது கிடைக்கும். தமிழில் பேசுவதை வைத்து யாரும் முடிவு செய்ய மாட்டார்கள். கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருந்தால், 2021 மார்ச்சில் வந்த மத்திய அரசு அறிவிக்கையின்படி சின்னங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இந்தியருக்குச் சமமான கட்டணம். ஓசிஐ அட்டை விடுதி அறைப் பெட்டியில் இருந்தால் பயனில்லை. இருவர் 80 ரூபாயில் முடிக்க வேண்டியதற்கு 1,200 ரூபாய் போகும்.

வயதுச் சான்றுதான் பலருக்கும் இடறும் இடம். மழலையரிடம் யாரும் கேட்பதில்லை. உயரமாக வளர்ந்த 13, 14 வயதுப் பிள்ளைகளிடம்தான் கேட்கிறார்கள். பள்ளி அடையாள அட்டை போதும் என்று நினைத்து வருவார்கள். பல பள்ளி அட்டைகளில் வகுப்பும் ரத்த வகையும் இருக்கும், பிறந்த தேதி இருக்காது. பிறந்த தேதி உள்ள எதுவும் உதவும்: ஆதார், கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ். அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் இருந்தாலும் கைப்பேசியில் படமாகவும் சேமித்து வையுங்கள். கற்கோட்டைகளுக்குள் சிக்னல் எடுக்காது. வயதை நிறுவ முடியாவிட்டால், அங்கே நின்று சண்டை போடுவதைவிடச் சீட்டு வாங்கி உள்ளே போவது நல்லது. 40 ரூபாய்க்காகப் பிள்ளையின் முகம் வாடுவது எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

மாநில அரசின் அருங்காட்சியகங்களில் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணம் உண்டு, மாணவர்களுக்கு அதைவிடக் குறைவு. எழும்பூரில் மாணவர் கட்டணம் கேட்டால் பள்ளியின் சான்று வேண்டும். ஆகவே மேலே சொன்னதற்கு நேர்மாறாக, இங்கே பள்ளி அட்டைதான் உதவும், ஆதார் உதவாது. புகைப்படக் கருவிக்கும் தனிக்கட்டணம். மத்திய அரசோடு தொடர்புடையவை எல்லாம் ஒரே மாதிரி என்றும் எண்ண வேண்டாம். கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகம் தொல்லியல் துறையின்கீழ் இல்லை, அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் கட்டணம் உண்டு. தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் 12ஆம் வகுப்பு வரை மாணவர்க்கு இலவசம். கிளம்பும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு?" அல்ல, "யாருடையது?" என்பதே. பலகையில் இந்தியத் தொல்லியல் துறை என்று இருக்கிறதா, தமிழ்நாடு அரசு என்று இருக்கிறதா என்று பாருங்கள். தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையும் கீழடி அருங்காட்சியகமும் மாநிலத் தொல்லியல் துறையைச் சேர்ந்தவை. பெயரில் 'தொல்லியல்' இருப்பதால் மட்டும் 15 வயது விதி செல்லாது.

விடுமுறை நாளில் ஏமாறுவதும் வழக்கம். தொல்லியல் துறையின் அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எழும்பூருக்கும் அதே வெள்ளி. எனவே சென்னையில் வெள்ளியன்று ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று என்று திட்டமிட முடியாது. தில்லி தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்கள். தாஜ்மகாலுக்கு வெள்ளி, அஜந்தாவுக்குத் திங்கள், எல்லோராவுக்குச் செவ்வாய். கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள், தலைமைச் செயலகமும் ராணுவமும் இருக்கும் வளாகம் அது என்பதால், பெரியவர்களின் அடையாள அட்டையும் பைச் சோதனைக்கான நேரமும் சேர்த்தே புறப்பட வேண்டும்.

ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய தினத்திலும், நவம்பர் 19 பாரம்பரிய வாரத்தின் முதல் நாளிலும் தொல்லியல் துறைச் சின்னங்களில் எல்லோருக்கும் இலவசம். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இது பெரிய லாபமில்லை. பிள்ளைக்கு எப்படியும் கட்டணம் இல்லை. பெரியவருக்கு மிஞ்சும் 40 ரூபாய்க்குக் கூட்டத்தில் தள்ளுமுள்ளுதான் கூலி.

சீட்டு இலவசம் என்பதற்குள் எல்லாம் அடங்காது. வண்டி நிறுத்தக் கட்டணம், காணொளிக் கருவிக்கான 25 ரூபாய், ஒலி ஒளிக் காட்சி, வழிகாட்டிக்கான கூலி எல்லாம் தனி. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில், அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் சமைப்பதையோ சாப்பிடுவதையோ அதே 1959 விதிகள் தடுக்கின்றன. தயிர்சாதப் பொட்டலத்தை மண்டபத் திண்ணையில் பிரித்தால் காவலர் எழுப்பிவிடுவார். வாசலுக்கு வெளியே ஊட்டிவிட்டு உள்ளே போங்கள். சுவரில் பெயர் கீறுவது விளையாட்டல்ல. சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். பிள்ளை கையில் சாவியோ பேனாவோ இல்லாமல் பார்த்துக்கொள்வது எளிது.

சான்று காட்டியும் 15 வயது நிறையாத பிள்ளைக்குப் பணம் கேட்டால், முதலில் கட்டணப் பலகையைக் காட்டிப் பேசுங்கள். அதன்பிறகும் மறுத்தால், அந்த இடத்தைக் கவனிக்கும் தொல்லியல் துறை அலுவலரான பராமரிப்பு உதவியாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பணம் கட்டியிருந்தால் சீட்டின் எண் தெரியும்படி படமெடுத்துக்கொண்டு, தொல்லியல் துறையின் சம்பந்தப்பட்ட வட்ட (சர்க்கிள்) அலுவலகத்துக்கு எழுதலாம். தமிழகத்தில் சென்னை, திருச்சி என இரண்டு வட்டங்கள் உண்டு. மத்திய அரசின் சிபிகிராம்ஸ் குறைதீர் தளத்திலும் பதியலாம். மாநில அருங்காட்சியகம் பற்றிய குறை என்றால் அங்கே பதிய வேண்டாம். அதற்கு முதல்வரின் உதவி எண் 1100.