கான்செர்டினாவின் பொத்தான் எழும்பவில்லையா? எண்ணெய் விடும் முன் கொஞ்சம் பொறுங்கள்

கான்செர்டினா என்பது நடுவிலுள்ள துருத்தியை இரண்டு கைகளாலும் இழுத்து அமுக்கி, இரு பக்கமும் உள்ள பொத்தான்களால் வாசிக்கும் சின்ன இசைக்கருவி. விலை குறைந்த கான்செர்டினாவைப் பழுதுபார்க்க என்னிடம் எடுத்து வருகிறவர்களில் பெரும்பாலோர் சொல்வது ஒரே புகார்தான். ஒரு பொத்தான் அமுங்கினால் அமுங்கியபடியே நிற்கிறது, அல்லது ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓரத்தில் உரசுகிறது. திறந்து பார்த்தால் இரண்டு விதமான சேதம் இருக்கும். ஒன்று தேய்மானத்தால் வந்தது. அதைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. இன்னொன்று கை வைத்தியத்தால் வந்தது: பொத்தானின் ஓரமாகச் சொட்டிய தையல் மிஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே, உடனடிப் பசை. இரண்டாவதைச் சரிசெய்யத்தான் நேரம் பிடிக்கிறது. எண்ணெய் வழிந்து தோலிலும் ஃபெல்ட்டிலும் ஊறிவிட்டால் அதை வெளியே எடுக்க வழியே இல்லை. தூசியைப் பிடித்துப் பிசுபிசுத்து, சில மாதங்களில் நன்றாக இருந்த பக்கத்துப் பொத்தான்களையும் இழுக்க ஆரம்பிக்கும்.

பொத்தானுக்கென்று தனியாக ஸ்பிரிங் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பொத்தானுக்குக் கீழே ஒரு லீவர், சீசாப் பலகை மாதிரி நடுவில் ஒரு அச்சில் நிற்கிறது. பொத்தானை அமுக்கினால் லீவரின் ஒரு முனை தாழ்ந்து மறுமுனை உயரும். அந்த மறுமுனையில்தான் பேட் இருக்கிறது. அட்டை, ஃபெல்ட், தோல் மூன்றையும் அடுக்கி ஒட்டிய சின்ன வட்டம் அது. அது எழும்பும்போது பலகையிலுள்ள துளை திறந்து, ரீடு என்னும் மெல்லிய உலோக நாக்கு வழியாகக் காற்று போய், சுரம் பேசுகிறது. விரலை எடுத்ததும் லீவரில் மாட்டியிருக்கும் ஸ்பிரிங் பேடைத் துளையின் மேல் இறக்குகிறது. பொத்தான் மேலே வருவது அந்த வேலையின் பக்கவிளைவுதான்.

விலை உயர்ந்த கருவிகளில் பொத்தானின் குறுக்கே ஒரு துளை இருக்கும். லீவரின் நுனி அதற்குள் நுழைந்து நிற்கும். பொத்தானின் அடியில் உள்ள மெல்லிய காம்பு, கீழ்ப்பலகையில் அதற்கென்று போட்ட குழியில் இறங்கும். மேல்தட்டின் துளையில் ஃபெல்ட் வளையம் இருக்கும். மேலும் கீழும் பிடிப்பு இருப்பதால் பொத்தான் நேராகவே ஏறி இறங்கும். விலை குறைந்த பல மாடல்களில் இந்தக் கீழ்க்குழி இல்லை. பிளாஸ்டிக் பொத்தானும் லீவரும் ஒரு சின்ன ரப்பர் குழாய்த் துண்டால் இணைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். ரப்பர் புதிதாக இருக்கும்வரை அந்தப் பிடியே போதும். வருடங்கள் போகப் போக ரப்பர் இறுகும், வெடிக்கும், கடைசியில் இரண்டாகப் பிளக்கும். பிடி விட்ட பொத்தான் சாய்ந்து, அதன் விளிம்பு மேல்தட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. "பொத்தான் தேய்ந்துவிட்டது" என்று கொண்டு வரப்படும் கருவிகளில் பெரும்பாலானவற்றில் பொத்தானுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதன் அடியிலுள்ள அரை விரல் நீளம்கூட இல்லாத ரப்பர்தான் போயிருக்கும்.

திறப்பதற்கு முன் காதால் கொஞ்சம் விசாரிக்கலாம். பொத்தான் உள்ளே போயிருக்கிறது, சுரமும் நிற்காமல் கத்துகிறது என்றால் பேட் திறந்தே நிற்கிறது. லீவர் எங்கோ சிக்கியிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் கழன்றோ உடைந்தோ இருக்கிறது. பொத்தான் உள்ளே போயிருந்தும் சத்தமே இல்லை என்றால் பேட் ஒழுங்காக மூடியிருக்கிறது என்று பொருள். பொத்தான் மட்டும் லீவரை விட்டுப் பிரிந்து விழுந்திருக்கிறது. அங்கே ரப்பரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

திசையையும் கவனியுங்கள். 1834-இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸில் கார்ல் ஃப்ரீட்ரிக் ஊலிக் செய்த கருவியின் வழியில் வந்ததுதான் ஆங்லோ வகை. அதில் ஒரே பொத்தான் துருத்தியை அமுக்கும்போது ஒரு சுரமும் இழுக்கும்போது வேறு சுரமும் தரும். லண்டனில் சார்லஸ் வீட்ஸ்டன் தொடங்கிவைத்த இங்கிலீஷ் வகையில் இரண்டு திசையிலும் ஒரே சுரம். எந்த வகையானாலும் ஒரு பொத்தானுக்கு ஒரு பேட், ஆனால் திசைக்கு ஒரு ரீடு. அதனால் பொத்தானை அமுக்கி வாசிக்கும்போது ஒரு திசையில் மட்டும் சுரம் கரகரத்தால் கோளாறு ரீடிலோ, காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் சின்ன மடலான அதன் வால்விலோ இருக்கிறது. பொத்தான் பக்கம் தேடிப் பயனில்லை. பொத்தானைத் தொடாமலே, துருத்தியை அழுத்தி அமுக்கும்போது மட்டும் ஒரு சுரம் முனகுகிறதா? அது பலமிழந்த ஸ்பிரிங். பேட்கள் துளைக்கு வெளிப்பக்கம் உட்கார்ந்திருப்பதால், அமுக்கும்போது உள்ளே ஏறும் காற்றழுத்தம் அவற்றை வெளியே தள்ளப் பார்க்கும். இழுக்கும்போது அதே காற்று பேடைத் துளையோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், முனகல் நின்றுவிடும்.

சரி, திறப்போம். கருவியைச் செங்குத்தாக நிறுத்தி, பழுதான பக்கம் மேலே இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பக்கக் கருவியில் பொதுவாக ஆறு போல்ட்டுகள் இருக்கும். ஒன்றை முழுவதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திச் சுற்றி வாருங்கள். ஒரு அட்டையில் அறுகோணம் வரைந்து, கழற்றிய போல்ட்டை அதே மூலையில் குத்தி வையுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒவ்வொன்றும் தன் துளையோடு பழகியிருக்கும். மாற்றிப் போட்டால் மரை கெடும். மேல்தட்டும் துருத்தியும் சேரும் இடத்தில் பென்சிலால் சின்ன அடையாளம். அப்புறம் தட்டை நேராக மேலே தூக்குங்கள், தூக்கியதும் எதையும் தொடாமல் ஒரு போட்டோ. பொத்தான்கள் இடம் மாறினால், எது எங்கே இருந்தது என்பதை அந்தப் படம்தான் சொல்லும்.

ரப்பர் மாற்றுவதுதான் இதில் முக்கியமான வேலை, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். பழைய துண்டைக் கூர்மையான கத்தி நுனியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள்; இழுத்தால் லீவர் வளையும். மாற்றாக மெல்லிய சிலிகான் குழாய் நன்றாக உழைக்கிறது. பொம்மை விமானங்களின் எரிபொருள் குழாயும் சரியாக அமைவதுண்டு. குழாயின் உள்விட்டம், அது ஏறப்போகும் முனையைவிட இம்மி குறைவாக இருந்தால்தான் பசை இல்லாமல் பிடிக்கும். நீளம் பழையதன் நீளமேதான். அது பிளந்துபோயிருந்தால் நன்றாக இருக்கிற பக்கத்துப் பொத்தானில் அளந்துகொள்ளுங்கள். குழாய் நீண்டுவிட்டால், அடியில் விளிம்புள்ள பொத்தான் மேல்தட்டில் முட்டி லீவரை எப்போதும் அமுக்கியபடி நிற்கும். பேட் முழுதாக மூடாது. குட்டையாகிவிட்டால் பேட் போதுமான அளவு எழும்பாது. சுரம் மங்கும், சில சமயம் சுருதியும் இறங்கும். அந்த நிலையில் ரீடில் கோளாறு என்று நினைத்து அதைச் சுரண்டப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு ரப்பர் போனால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். எல்லாம் ஒரே நாளில் மாட்டப்பட்டவை, ஒரே வேகத்தில் மூப்படைந்தவை. இன்று ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் இன்னொன்றுக்காக ஆறு போல்ட்டையும் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும். விலை குறைந்த கருவியின் மரத்தில் போல்ட் மரை பலமுறை கழற்றி மாட்டுவதைத் தாங்காது.

ஸ்பிரிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்க விரலே போதும். ஒரு பொத்தானை அமுக்க 50-லிருந்து 70 கிராம் வரை எடை தேவைப்பட்டால் வாசிக்க வசதியாக இருக்கும். அளக்கக் கருவி இல்லாவிட்டால் பக்கத்துப் பொத்தானோடு ஒப்பிடுங்கள். தளர்ந்த ஸ்பிரிங்கின் காலை மட்டும் நோஸ் பிளேயரால் கொஞ்சம் வளைக்கலாம். சுருளைத் தொட்டு விரிக்கவோ முறுக்கவோ வேண்டாம், சீக்கிரமே உடையும். எல்லாவற்றையும் முறுக்கேற்றினால் இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றும். விரல்தான் சோர்ந்துபோகும், பேட் விழும் சத்தம் பாட்டோடு சேர்ந்து கேட்கும்.

மேல்தட்டின் துளை அழுக்கேறியிருந்தால் உலர்ந்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பிளாஸ்டிக்கில் பிசிறு இருந்தால் நைசான உப்புத்தாளைச் சுருட்டி ஓரிரு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். இன்னும் உரசினால் துளையின் உட்புறத்தில் பென்சில் கரியைத் தேய்க்கலாம். நீள்வட்டமாகத் தேய்ந்த துளைக்கு ஃபெல்ட் வளையம் போட முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. தட்டு கனமான மரமாக இருந்தால் முடியும். மெல்லிய பிளாஸ்டிக்கில் வளையம் நிற்க இடமில்லை. கொஞ்சம் லொடலொடப்பு இருந்துவிட்டுப் போகட்டும், வாசிப்பு அதனால் கெடாது.

லீவரே பக்கவாட்டில் ஆடினால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். சில மாடல்களில் ஒரே நீளக் கம்பிதான் பல லீவர்களுக்கு அச்சு. நடுவிலுள்ள ஒன்றை எடுக்கக் கம்பியை உருவினால், வரிசையிலுள்ள அத்தனை ஸ்பிரிங்கும் ஒன்றன்பின் ஒன்றாகத் துள்ளிப் போகும். தேய்ந்த துளைக்குள் மெல்லிய பித்தளைக் குழாய் செருகிச் சரிசெய்யலாம், ஆனால் அது பட்டறை வேலை. ரீடுகளும் அப்படித்தான். இவ்வகைக் கருவிகள் பலவற்றில் ரீடுகள் மரக்கட்டைகளில் மெழுகால் ஒட்டப்பட்டிருக்கும். தேன்மெழுகு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உருகிவிடும், அதற்கு வெகு முன்பே இளக ஆரம்பித்துவிடும். ஹேர் டிரையரைப் பக்கத்தில் கொண்டுவருவதும், வெயிலில் நிறுத்திய காரில் கருவியை விட்டுவிட்டுப் போவதும் ஆபத்து.

மூடுவதற்கு முன் ஒரு சோதனை. மெல்லிய காகிதத்தை ஒரு பட்டையாகக் கிழித்து, பேடின் ஓரத்தில் செருகி மெதுவாக இழுங்கள். சுற்றிலும் எங்கே செருகினாலும் ஒரே அளவு பிடிப்பு இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் பேட் சாய்ந்து உட்காருகிறது. லீவரின் நுனியை மிக லேசாக வளைத்து நேராக்குங்கள்.

மூடுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். 30 பொத்தான் கருவியில் பக்கத்துக்கு 15 பொத்தான்கள், எல்லாமே ஒரே நேரத்தில் தத்தம் துளைக்குள் நுழைந்தாக வேண்டும். தட்டை ஒரு ஓரத்திலிருந்து இறக்கி, ஒரு வரிசையை நுழைத்துவிட்டு, அடுத்த வரிசையில் சாய்ந்திருப்பவற்றை ஊசி முனையால் நிமிர்த்தி விடுங்கள். தட்டு தானாக இறங்கவில்லை என்றால் ஏதோ ஒன்று வெளியே நிற்கிறது. அமுக்காதீர்கள், மறுபடி தூக்கிப் பாருங்கள்.

போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அப்புறம் எந்தப் பொத்தானையும் தொடாமல் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கி, மறுபக்கத்தைத் தொங்க விடுங்கள். துருத்தி மெதுவாக விரிந்தால் நல்லது. சட்டென்று சரிந்து இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது, பேட்களை மறுபடி பார்க்க வேண்டும். உள்ளே விளிம்பைச் சுற்றியுள்ள தோலோ ஃபெல்ட்டோ அமுங்கிப் படியச் சில நாள் ஆகும். அதற்குப் பிறகு ஒவ்வொரு போல்ட்டையும் கால் சுற்றுக்குள் ஒருமுறை இறுக்கினால் போதும்.