பசுங்குடில் வளிமம்

பள்ளிப் பாடங்களில் "பசுமை இல்ல வாயுக்கள்" என்ற தொடர் அடிக்கடி வரும். ஓசூரில் அதைப் படிக்கும் பிள்ளைக்கு முதலில் கண்முன் வந்து நிற்பவை தளி, பாகலூர்ப் பக்கத்தில் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்கள்தான். அவற்றுக்குள்ளிருந்து ஏதோ கெட்ட காற்று கிளம்புகிறது என்று அது எண்ணிக்கொள்ளும். தருமபுரிப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைக்கோ 2011-இல் தொடங்கிய அரசின் பசுமை வீடுகள் திட்டம் நினைவுக்கு வரும்: 300 சதுர அடி வீடு, சூரிய மின்விளக்கு. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கட்டிய வீட்டுக்கும் புவியைச் சுடவைக்கும் வாயுவுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர் என்றால், படிப்பவர் எதைத்தான் புரிந்துகொள்வார்? நகரங்களின் உமிழ்வைக் குறைப்பது பற்றிப் பேசும் முன் இந்தச் சொல்லைச் சரிசெய்தாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் பொருள். வெயில் நிலத்தைச் சுடவைக்கிறது. சூடான நிலம் அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. போகிற கதிரை வழியிலேயே பிடித்து, அதில் ஒரு பங்கை மறுபடி தரைக்கே அனுப்புகிறவை இந்த வளிமங்கள், அதாவது வாயுக்கள். நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு ஆகியவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. காற்றில் 99 விழுக்காடாக இருக்கும் நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இந்தக் குணம் கிடையாது. மார்கழிக் குளிரில் கம்பளி போர்த்தினால் உடம்புச் சூடு வெளியே போகாமல் நிற்கிறதே, அந்த வேலையைத்தான் இவை புவிக்குச் செய்கின்றன. இவை இல்லாவிட்டால் புவியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 18 டிகிரி. இவை இருப்பதால் 15 டிகிரி செல்சியஸ். ஆகவே இவற்றை நச்சு என்று சொல்வது தவறு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. சிக்கல் அந்த மிகுதியில் இருக்கிறது.

பெயர் எப்படி வந்தது? 1824-இல் பிரான்சு நாட்டின் ஜோசப் ஃபூரியே, காற்றுமண்டலம் புவியின் வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது என்று எழுதினார். 1856-இல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபுட் கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வளிமங்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கார்பன் டை ஆக்சைடு அடைத்த குழாய்தான் அதிகம் சூடேறியது. அதற்கு மூன்றாண்டு கழித்து ஜான் டிண்டால் வெப்பக் கதிரை எந்த வளிமம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தார். 1896-இல் சுவீடன் நாட்டின் ஸ்வாந்தே அர்ரீனியஸ், கார்பன் டை ஆக்சைடு கூடினால் புவி எவ்வளவு சூடேறும் என்று கணக்கிட்டார். அவருடைய நாட்டவரான நில்ஸ் எக்ஹோம் 1901-இல் காற்றுமண்டலத்தைச் செடி வளர்க்கும் கண்ணாடிக் குடிலுக்கு ஒப்பிட்டார். குளிர்நாட்டில் பிறந்த அந்த உவமைதான் பெயராக ஒட்டிக்கொண்டது.

உவமை முழுக்கப் பொருந்தவில்லை என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. 1909-இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் இரண்டு பெட்டிகளை எடுத்து, ஒன்றைக் கண்ணாடியாலும் மற்றொன்றை இந்துப்புப் பாளத்தாலும் மூடி வெயிலில் வைத்தார். இந்துப்பு அகச்சிவப்புக் கதிரைத் தடுக்காது. ஆனாலும் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுதான் சூடேறின. குடில் சூடாவதற்கு முதன்மைக் காரணம் உள்ளே சூடான காற்று வெளியே போக வழியில்லாமல் அடைபடுவதுதான். ஓசூர் விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயில் ஏறத் தொடங்கியதும் குடிலின் பக்கவாட்டுத் திரையைக் கைப்பிடியால் சுற்றி மேலே ஏற்றிவிடுவார். சூடான காற்று வெளியே போகும், உள்ளே இருக்கும் தாஜ்மகால் ரோஜாவின் மொட்டு தப்பிக்கும். புவிக்குச் சுற்றி ஏற்ற ஒரு பக்கத்திரை கிடையாது.

இனித் தமிழ்ச் சொல். பாடநூலில் "பசுமை இல்ல வாயு", செய்தித்தாள்களில் "பசுமைக்குடில் வாயு", ஈழத்துப் பாடநூல்களில் "பச்சைவீட்டு வாயு". இவற்றில் "பசுமை இல்லம்" எனக்கு உடன்பாடில்லை. இன்று எதற்கெடுத்தாலும் "பசுமை" என்ற அடைமொழி சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற பொருளில் வருகிறது. இல்லம் என்றாலோ மனிதர் குடியிருக்கும் இடம். இரண்டும் சேர்ந்தால் வாயுவே நல்லதாகத் தோன்றிவிடும். குடில் என்று சொன்னால் அந்த மயக்கம் பெருமளவு நீங்கும். பசுமையும் கிளியும் சேர்ந்து பசுங்கிளி ஆவது போலப் பசுமையும் குடிலும் பசுங்குடில் ஆகும். ஓசூர் எல்லையில் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்குகின்றன. கன்னடத்தில் இதை "ஹசிருமனெ" என்கிறார்கள். பழைய பகரம் கன்னடத்தில் ஹகரமானதால் ஹசிரு நம் பசுமைக்கு உடன்பிறப்பு. மனெ நம் மனை. எல்லை தாண்டியும் உறவு அறுபடாத சொல் இது.

"வாயு" வடசொல். தமிழில் "வளி" உண்டு. வளிமண்டலம் என்று நாம் தினமும் சொல்கிறோம். திண்மம், நீர்மம், வளிமம் என்ற மூன்று நிலைகளும் பாடத்தில் பழகியவை. எனவே பசுங்குடில் வளிமம் என்பதே சரியான நிகர். குறளில் 245-ஆம் பாடல் "வளிவழங்கு மல்லன்மா ஞாலங் கரி" என்று முடிகிறது. அருள் உடையவர்க்குத் துன்பம் இல்லை, காற்று உலவும் வளமான பெரிய உலகமே இதற்குச் சாட்சி என்பது பொருள். கரி என்றால் அங்கே சாட்சி, நிலக்கரி அல்ல. ஆனாலும் வளியும் கரியும் ஞாலமும் ஒரே குறளில் நிற்பதை இன்று படிக்கும்போது மனம் கொஞ்சம் நின்றுதான் நகர்கிறது.

இதோடு சேர்ந்து வரும் "உமிழ்வு" நல்ல சொல். உமிழ் என்றால் வெளியே துப்பு. எல்.இ.டி. விளக்கைப் பாடநூல் "ஒளி உமிழ் டையோடு" என்கிறது. வெவ்வேறு வளிமங்களின் உமிழ்வை ஒரே கணக்கில் கூட்டுவதற்குக் "கார்பன் டை ஆக்சைடு சமன்" என்ற அளவு உண்டு. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமன், நைட்ரஸ் ஆக்சைடு 265 கிலோவுக்குச் சமன் என்பது காலநிலை மாற்றத்தை ஆராயும் பன்னாட்டு அறிவியலாளர் குழுவின் (ஐ.பி.சி.சி.) ஐந்தாம் அறிக்கை தரும் அளவு. மக்கும் குப்பையைக் கிடங்கில் மலையாகக் குவித்தால் காற்றுப்படாத அடிப்பகுதியில் மீத்தேன் உண்டாகும். அதையே பிரித்து வாங்கி உரமாக்கினால் பெரும்பகுதி தவிர்ந்துவிடும்.

ஒரு நகரத்தின் உமிழ்வு புகைபோக்கியில் மட்டும் இல்லை, குடிநீர்க் குழாயிலும் இருக்கிறது. புளோரைடு கலந்த நிலத்தடி நீரிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைக் காக்க வந்தது 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஒகேனக்கல் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 250 மீட்டர், ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர். ஆயிரம் லிட்டர் நீரை அந்த 650 மீட்டர் உயர்த்துவதற்கே குறைந்தது 1.7 யூனிட் மின்சாரம் வேண்டும். பம்பின் இழப்பு, குழாயின் உராய்வு எல்லாம் தனி. நம் நாட்டின் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு உமிழப்படுகிறது. அப்படியானால் ஓசூர் வந்துசேரும் ஆயிரம் லிட்டருக்குப் பின்னால் ஒரு கிலோவுக்கு மேல் உமிழ்வு இருக்கிறது. தெருமுனையில் உடைந்த குழாயைச் சரிசெய்வது குடிநீர்ப் பிரச்சினை மட்டுமல்ல என்று இந்தக் கணக்கு காட்டுகிறது. தெருவிளக்குக் கணக்கு இன்னும் எளிது: 250 வாட் சோடியம் விளக்கை எடுத்துவிட்டு 100 வாட் எல்.இ.டி. போட்டால் 11 மணிநேர இரவுக்கு ஒரு கம்பத்தில் 1.65 யூனிட் மிச்சம்.

ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் உருவாகும் மின்ஸ்கூட்டர்களை "உமிழ்வே இல்லாத வண்டி" என்கிறார்கள். சாலையில் இல்லை என்பது உண்மை. ஆனால் 100 கிலோமீட்டருக்கு 3 யூனிட் என்று வைத்தால் மேட்டூர் போன்ற அனல்மின் நிலையங்களின் பங்கோடு சேர்த்து ஏறத்தாழ 2 கிலோ உமிழ்வு உண்டு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் வண்டிக்கு அதே தூரத்துக்கு 4.6 கிலோ. பாதிக்கும் குறைவு என்பதே பெரிய ஆதாயம். அதைக் "குறை உமிழ்வு வண்டி" என்று சொன்னால் போதும், சொல்லும் மெய்யாக இருக்கும்.

கடைசியாக, "மின்சேமிப்பு" என்ற சொல். டிசம்பர் 14 முதல் 20 வரை மின்வாரியம் நடத்துவது மின்சிக்கன வாரம். சிக்கனம் என்பதே பொருத்தம். 75 வாட் மின்விசிறியை மாற்றி 30 வாட் விசிறி போட்டவர் எதையும் சேர்த்து வைக்கவில்லை, குறைவாகச் செலவழிக்கிறார். பகலில் கூரையில் உள்ள சூரியத் தகடு தரும் மின்சாரத்தை மின்கலத்தில் வைத்து இரவில் எடுப்பதற்கு இனி ஒரு சொல் கட்டாயம் தேவைப்படும். மின்சேமிப்பு என்பதை அதற்கென்று விட்டுவைக்கலாம்.